பெட்டி பிரிக்காதோர் பேரவை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வஞ்சிரக் குழம்பில் பிசைந்த சோற்றை எத்திராஜ் வாய்க்குக் கொண்டுபோன நேரத்தில்தான் டிவியில் அந்த விளம்பரம் வந்தது.

வெள்ளை வெளேரென்று ஒரு வீடு. எத்திராஜ் குடியிருக்கும் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கை அப்படியே தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடலாம், அவ்வளவு பெரிய ஹால். நடுவில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி. கையில் பழைய பொம்மை. அதை அவள் இரண்டு விரலால், செத்த எலியைப் பிடிப்பதுபோலத் தூக்கிப் பிடித்திருந்தாள். அம்மாக்காரி சிரித்துக்கொண்டே குப்பைத் தொட்டியைக் காலால் அழுத்தித் திறந்தாள். பொம்மை தலைகுப்புற உள்ளே போனது. உடனே பாட்டு:

“போடு போடு பழசைப் போடு!
மியா கூட ஆட்டம் போடு!”

வாசலில் பார்சல் வந்து இறங்கியது. சிறுமி பெட்டியைக் கிழித்தாள். உள்ளேயிருந்து மியா என்ற புதுப் பொம்மை கண்ணைச் சிமிட்டி, “வா, விளையாடலாம்!” என்றது. பழைய பொம்மையைக் கொண்டுவந்து போட்டால் மியாவுக்குத் தள்ளுபடி உண்டு என்று ஒரு குரல், யாரோ துரத்துவதுபோல மூச்சுவிடாமல் ஒப்பித்து முடித்தது.

சோறு எத்திராஜின் கையிலேயே நின்றது. குப்பைக்குப் போனது அல்லி ரகப் பொம்மை.

“இன்னாய்யா, உன் ஆளத் தூக்கிக் குப்பையில கடாசிட்டானுங்க!” என்றாள் அவன் மனைவி மலர்க்கொடி.

எத்திராஜ் திரும்பி பீரோ மேலே பார்த்தான். அவனுடைய அல்லி அங்கேதான் இருந்தாள். படுக்கவைத்தால் கண்ணை மூடி, நிமிர்த்தினால் திறக்கும் வகை. முப்பது வருஷத்துக்கு முன்னால் பாப்பாமணி என்ற கம்பெனி செய்து விற்றது. இப்போது மியாவை விற்பதும் அதே பாப்பாமணிதான். தான் பெற்ற பிள்ளையைத் தானே குப்பையில் போட்டுப் பாட்டும் பாடுகிறதே என்று எத்திராஜ் தட்டைத் தள்ளிவைத்தான்.

எத்திராஜ் திருவொற்றியூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிப்ட் ஓட்டுகிறவன். நாற்பத்தெட்டு வயது, முறுக்கு மீசை. வீட்டில் நாற்பத்தொரு பொம்மை. பழைய சாமான் கடையில் ஒரு முகம் பார்ப்பான், பிடித்துவிடும், அவ்வளவுதான். கண் இமைக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விடுவான், முடியை ஷாம்பு போட்டு அலசுவான். அல்லி வந்தபோது ஒரு கால் ஷூதான் இருந்தது. மற்றொன்றுக்காக நாலு வருஷம் அலைந்து, கடைசியில் தலையில்லாத இன்னொரு அல்லியை முழுசாக வாங்கி ஷூவை மட்டும் கழற்றிக்கொண்டான். இந்தச் சங்கதி கிடங்கில் தெரிந்த நாளிலிருந்து அங்கே அவனுக்குப் பெயர் “பொம்ம மாமு.”

உலகத்திலேயே அவனைப் பார்த்துச் சிரிக்காத இடம் ஒன்றுதான் இருந்தது. கல்மண்டபத்தில் பெயிண்ட் கடைக்கு மேலே, முதல் மாடியில் இயங்கிய “வடசென்னை பொம்மைச் சேகரிப்பாளர் பேரவை.” அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள். எதற்குமே சிரிக்கமாட்டார்கள்.

பேரவையில் மூன்று வகை உறுப்பினர்கள். வாங்கிய பொம்மையைப் பெட்டியைவிட்டு வெளியே எடுக்காதவர்கள் முதல் வகை. பெட்டி பிரிக்காதோர் என்று பெயர். அவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. ஆசைப்பட்டு ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடி மூடி வைத்தவர்கள் பெட்டி பிரித்தோர். அவர்களுக்குப் பின்னால் பெஞ்சு. மூன்றாவது, பெட்டி இல்லாதோர். பழைய சாமான் கடைப் பொம்மைக்குப் பெட்டிக்கு எங்கே போவது? அவர்கள் வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றுகொள்ளலாம். ஓட்டுக் கிடையாது. கைதட்டலாம்.

எத்திராஜ் ஆறு வருஷமாக நின்றுகொண்டிருந்தான். சிரிக்காமல் இருக்கிறார்களே, அது போதும் என்று இருந்தான்.

திங்கட்கிழமை ஷிப்டு முடிந்ததும் நேரே பேரவைக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். தலைவர் பக்தவச்சலம் கண்ணை மூடிக் கேட்டார். ஏதோ ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். வந்த கடிதத்தைப் பிரிக்காமலே அடுத்த மேசைக்கு அனுப்பியவர் என்று அவரைப் பற்றி மரியாதையாகச் சொல்வார்கள்.

“விளம்பரத்தை யார் பார்த்தது?” என்றார்.

“நான்தான் தலைவரே. என் சம்சாரமும் பாத்துச்சு.”

“நீங்கள் பார்த்தது பேரவை பார்த்ததாகாது. பேரவை பார்த்தால்தான் பேரவைக்கு மனம் புண்படும். செயலாளரே, துணைக்குழு ஒன்று போடுங்கள்.”

செயலாளர் சவரிநாதன் ராயபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். பேசி முடிப்பதற்குள் நோட்டில் எழுதிவிடுவார். அன்றைக்கே விளம்பரக் கண்காணிப்புத் துணைக்குழு பிறந்தது. தலைவரும் செயலாளரும் சேர்த்து ஐந்து பேர். ஐந்து பேரும் பெட்டி பிரிக்காதோர். மறுநாளிலிருந்து தினமும் மதியம் இரண்டு மணி முதல் ஆறு மணி வரை பேரவை டிவிக்கு முன்னால் உட்கார்ந்து விளம்பரத்தை எதிர்நோக்குவது என்று முடிவாயிற்று. வருகைப் பதிவேடு உண்டு.

“எதுக்கு தலைவரே நாலு மணி நேரம்? செல்லுல கீது. தோ, காட்டறேன்,” என்று எத்திராஜ் போனை எடுத்தான்.

பக்தவச்சலம் உள்ளங்கையைக் காட்டித் தடுத்தார். “தொலைக்காட்சி விளம்பரம் என்று தலைப்புப் போட்டாகிவிட்டது. கைப்பேசியில் பார்த்தால் தலைப்பை மாற்ற வேண்டும். தலைப்பை மாற்ற பொதுக்குழு கூட வேண்டும்.”

எத்திராஜ் போனைப் பையில் போட்டுக்கொண்டான்.

முதல் நாள் விளம்பரம் வரவில்லை. சோப்பு வந்தது, மசாலா வந்தது, மூன்று மணிக்கு ஒரு சீரியல் வந்தது. இரண்டாம் நாள் விளம்பரம் வந்தது. ஆனால் இரண்டு பேர் டீ குடிக்கக் கீழே போயிருந்ததால் எண்ணிக்கை குறைந்தது, பார்த்தது செல்லாது என்றார்கள். மூன்றாம் நாள் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கும்போது தலைவர், “ஷ்ஷ்! சத்தத்தைக் குறையுங்கள்” என்று அதட்டினார். இடைவேளைக்கு முன்னால் சீரியலில் கதாநாயகியின் மாமியார் பாலில் எதையோ கலந்துவிட்டிருந்தாள். அது என்னவென்று துணைக்குழு விவாதித்துக்கொண்டிருந்தது. நாலாம் நாள் நோட்டை எத்திராஜ் எட்டிப் பார்த்தான். ‘மருமகள் பாலைக் குடித்துவிட்டதைத் துணைக்குழு மிகுந்த கவலையுடன் பதிவுசெய்கிறது’ என்று எழுதியிருந்தது.

ஐந்தாம் நாள், ஐந்து பேரும் இருந்து, ஐந்து பேரும் விழித்திருந்து, விளம்பரமும் வந்தது.

காலை ஷிப்டு முடித்து வந்திருந்த எத்திராஜ் வாசலோரம் நின்று அவர்கள் முகங்களையே பார்த்தான். அல்லி குப்பையில் விழுந்தாள். முகங்கள் அசையவில்லை. பார்சல் வந்தது. சிறுமி பெட்டியைக் கிழித்தாள்.

“ஐயோ!” என்று ஒரு சத்தம். மெத்தை நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்தே விட்டார். “கிழித்துவிட்டாளே! நகத்தால்! மூலையிலிருந்து!”

பக்தவச்சலத்தின் கண்ணில் நீர் திரண்டது. “குழந்தைகள் பார்க்கும் நேரத்தில் இதைக் காட்டுகிறார்கள்,” என்றார் தழுதழுத்து. “நாளைக்கு வீட்டுக்கு வீடு பெட்டியைப் பிரிப்பார்கள். பொம்மையை வெளியே எடுப்பார்கள். கையால் தொடுவார்கள். விளையாடக்கூடச் செய்வார்கள். இந்த நாடு எங்கே போகிறது?”

“தலைவரே,” என்றான் எத்திராஜ். “அதுக்கு மின்னாடி பொம்மையக் குப்பையில போட்டாங்களே, அது?”

“எந்தப் பொம்மை?”

“அல்லி.”

“பெட்டி இருந்ததா அதற்கு?”

“இல்ல.”

“அப்படியானால் அது நம் வரம்புக்குள் வராது,” என்றார் பக்தவச்சலம், அன்போடுதான்.

பெட்டி கிழித்ததைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு, ஒரு கண்டனக் கூட்டமும் நடத்துவது என்று முடிவாயிற்று. கூட்டத்துக்கு ஏதாவது ஒரு சான்றுப்பொருள் மேசைமேல் இருந்தால் பார்க்க நன்றாயிருக்கும் என்று சவரிநாதனுக்குத் தோன்றியது. யாரும் தங்கள் பெட்டியை வீட்டைவிட்டு வெளியே கொண்டுவரத் தயாராயில்லை. எல்லோரும் எத்திராஜைப் பார்த்தார்கள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அத்தனை பேரும் ஒன்றாக அவனைப் பார்த்தார்கள். அவன் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டான். மறுநாள் அல்லியைச் சாப்பாட்டுப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு போனான்.

“பத்திரமாத் திருப்பி வாங்கினு வா. அது கவுனு என் பட்டு ஜாக்கெட்டு துணி,” என்று மலர்க்கொடி மாடியிலிருந்து கத்தினாள்.

பேரவையில் அல்லியை ஒரு பிஸ்கட் அட்டைப்பெட்டிக்குள் வைத்து, டேப் ஒட்டி, மேலே ‘சான்றுப்பொருள் எண் 1’ என்று எழுதினார்கள். தலைவர் கையெழுத்துப் போட்டார். எத்திராஜையும் போடச் சொன்னார்கள். போட்டான்.

“கூட்டம் முடிஞ்சா குடுத்துடுவீங்கள்ல?”

சவரிநாதன் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “விதி பதினேழு. பெட்டி எவருடையதோ, உள்ளிருக்கும் பொம்மை அவருடையது. பெட்டி பேரவையுடையது. ஆகையால்…”

“பொம்ம என்னுதுங்க!”

“உங்களுடையதாக இருந்தபோது பெட்டி இல்லையே,” என்றார் சவரிநாதன். “இப்போதுதான் அதற்கு ஒரு கௌரவம் வந்திருக்கிறது. மனு எழுதிக் கொடுங்கள். பொதுக்குழு பரிசீலிக்கும்.”

இரண்டு டன் சரக்கை ஒரு விரலில் மேலே ஏற்றி இறக்குகிறவன், ஒரு பிஸ்கட் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

கண்டனக் கூட்டம் முடிந்த கையோடு கல்மண்டபம் சிக்னல் பக்கத்தில் ஆர்ப்பாட்டம் நடந்தது. பன்னிரண்டு பேருக்குப் பதினைந்து நிமிஷம் அனுமதி. “பிரிக்காதே! பிரிக்காதே! பெட்டியைப் பிரிக்காதே!” என்று கோஷம் போட்டார்கள். மீன்கூடையோடு போன ஓர் அம்மா நின்று கேட்டுவிட்டு எத்திராஜிடம் வந்தாள்.

“இன்னா நைனா, எதப் பிரிக்கக் கூடாதுன்றீங்கோ? மாவட்டமா, தொகுதியா?”

“பொட்டிம்மா. பொம்மப் பொட்டி.”

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். “வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா?” என்று அக்கறையாக விசாரித்துவிட்டுப் போனாள்.

ஆனாலும் யாரோ அதைப் படம்பிடித்துப் போட, அது நாலு பேர் பார்த்து, நாற்பதாயிரம் பேர் பார்த்துச் சிரிக்கும்படி ஆனது. மூன்றாம் நாள் பெயிண்ட் கடை வாசலில் ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. பாப்பாமணி கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து வினிதா என்ற பெண் பூங்கொத்தோடு மாடியேறினாள்.

“உங்கள் வேதனை எங்களுக்குப் புரிகிறது,” என்றாள் வினிதா. “நாங்கள் பார்த்ததிலேயே இது மிகவும் உண்மையான வேதனை. எங்கள் ஆபீசில் எல்லோருக்கும் காட்டினோம். இப்படிப்பட்ட உணர்ச்சியை வீணாக்கக் கூடாது, அடுத்த விளம்பரத்தில் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள்.”

பின்னால் வந்தவர்கள் ஐந்து பெட்டிகளை மேசையில் வைத்தார்கள். மியாவின் சேகரிப்பாளர் பதிப்பு. கறுப்புப் பெட்டி, தங்க ரிப்பன், ஒவ்வொன்றிலும் வரிசை எண். ஒன்றாம் எண் தலைவருக்கு, இரண்டாம் எண் செயலாளருக்கு, மற்றவை துணைக்குழுவின் மற்ற மூவருக்கு.

“இதைப் பிரிக்கவே முடியாதபடி விசேஷமாக ஒட்டியிருக்கிறோம்,” என்றாள் வினிதா.

பக்தவச்சலம் பெட்டியை இரண்டு கையாலும் வாங்கி முகர்ந்து பார்த்தார். பிறகு கண்டனத் தீர்மானத்தின் வாசகம் திருத்தத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. ‘பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது’ என்பது முதலில் ‘கவனிக்கிறது’ என்று ஆயிற்று. டீ வந்த பிறகு ‘கருதுகிறது’ என்று ஆயிற்று. வினிதா எல்லோரோடும் செல்பி எடுத்துக்கொண்ட பிறகு ‘களிப்படைகிறது’ என்று முடிந்தது. ஒருமனதாக நிறைவேறியது. வாசலோரம் நின்றவர்களுக்கு ஓட்டில்லாததால் மனமும் கணக்கில் வரவில்லை.

எத்திராஜ் தன் மனுவை நீட்டினான். “நேரம் பார்த்து வாருங்கள்,” என்று பக்தவச்சலம் அதைப் பிரிக்காமலே பக்கத்து மேசைக்குத் தள்ளினார்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், கிடங்கு கேன்டீனில் எத்திராஜ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சுவர் டிவியில் பழைய பாட்டின் முதல் வரி கேட்டது. நிமிர்ந்தான்.

திரையில் பக்தவச்சலம். கோட்டு, கண்ணாடி, தலைக்குச் சாயம். கீழே ‘பொம்மை வல்லுநர்’ என்று எழுத்து. கையில், பட்டு ஜாக்கெட் துணிக் கவுனோடு, அல்லி.

“நாற்பது ஆண்டுகளாகப் பொம்மைகளோடு வாழ்பவன் சொல்கிறேன்,” என்றார் பக்தவச்சலம் நாட்டு மக்களை நோக்கி. “பழசில் ஒன்றுமில்லை.” அல்லியைத் தொட்டியில் போட்டார். மூடி விழுந்தது. மியாவின் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு சிரித்தார். “போடு போடு பழசைப் போடு!”

“ஏய் பொம்ம மாமு, உங்காளுங்கடா!” என்று யாரோ கத்த, கேன்டீன் முழுக்கச் சிரித்தது. எத்திராஜ் எழுந்து கையைக் கழுவினான். அன்றைக்கு மத்தியானம் ஃபோர்க்லிப்டை அவன் ஓட்டிய ஓட்டத்தைப் பார்த்து ஒருவரும் பக்கத்தில் வரவில்லை.

சாயங்காலம் பேரவையில் பக்தவச்சலம் அவனைப் பார்த்ததும் புன்னகைத்தார். “பார்த்தீர்களா? இருபத்தேழு டேக். முதலில் எல்லாம் குறி தவறி வெளியே விழுந்துகொண்டிருந்தது. இருபத்தேழாவதில்தான் சுத்தமாக உள்ளே போட்டேன்.”

“என் பொம்ம எங்க தலைவரே?”

“படப்பிடிப்பு முடிந்ததும் சான்றுப்பொருளின் பணியும் முடிந்தது. அது இப்போது நடவடிக்கையில் இருக்கிறது.”

“அப்படீன்னா இன்னா?”

“நடவடிக்கை என்றால் நடவடிக்கை. ஆமாம், உங்களுக்கு இதில் பெருமை இல்லையா? உங்கள் பொம்மையை இன்றைக்கு நாடே பார்க்கிறது. குப்பைக்குப் போனதாகவே வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேருக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கும்?”

எத்திராஜ் கல்மண்டபத்திலிருந்து வியாசர்பாடி வரை நடந்தே வந்தான். சிரிக்காத இடம் என்று இருந்தது அந்த ஒன்றுதான். அங்கே ஏன் சிரிக்கவில்லை என்பது கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்றபோது அவனுக்குப் புரிந்தது. அந்த மெத்தை நாற்காலிக்காரர்கள் யாருமே எந்தப் பொம்மையின் முகத்தையும் பார்த்தவர்கள் இல்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னான். கேலி வரும் என்று எதிர்பார்த்தான். மலர்க்கொடி சத்துணவுக் கூடத்தில் முந்நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிறவள். வாய் சும்மா இருக்காது. ஆனால் அன்றைக்குக் கேலி வரவில்லை. பீரோ மேலே காலியாகக் கிடந்த இடத்தை முந்தானையால் துடைத்தாள்.

“அந்தாளுக்கு இனிமே எத்தினியோ பேரு மால போடுவானுங்கல்ல?” என்றாள்.

“ஞாயித்துக்கெழம பாராட்டு விழா. ஏன்?”

“ஒண்ணியுமில்ல. நானும் வரேன்.”

விழாவுக்குப் பேரவை ஹாலில் தோரணம் கட்டியிருந்தார்கள். மேடையில் பக்தவச்சலம், சவரிநாதன், சிறப்பு விருந்தினராக வினிதா. மேசைமேல் ஒன்றாம் எண் மியா, மாலையோடு. எத்திராஜும் மலர்க்கொடியும் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள்.

பக்தவச்சலம் ஏற்புரை நிகழ்த்தினார்.

“பொம்மையை நேசிப்பது வேறு, சேகரிப்பது வேறு. நேசிப்பவன் தொடுவான். தொட்டால் அழுக்காகும். என்னிடம் நூற்றுப் பன்னிரண்டு பொம்மைகள் உள்ளன. ஒன்றின் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை என்று இந்த நல்ல வேளையில் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். பெட்டியின் மேல் படம் இருக்கிறது, அது போதும். உள்ளே பொம்மையே இல்லாமல் வெறும் செங்கல் இருந்தாலும் எனக்குக் கவலை இல்லை. பெட்டி இருக்கிறதல்லவா?”

பலத்த கைதட்டல். அந்தச் சத்தத்தில் மலர்க்கொடி மேடைக்குப் போனதை ஒருவரும் கவனிக்கவில்லை. மாலை போட வருகிறாள் என்றே தலைவர் நினைத்தார், கழுத்தைக்கூட நீட்டினார். அவள் ஒன்றாம் எண் பெட்டியைத் தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

“எங்க பொம்ம எங்க?”

“அம்மா, அதைக் கீழே வையுங்கள்!” பக்தவச்சலத்தின் குரல் மேடைத் தமிழிலிருந்து இறங்கவில்லை.

மலர்க்கொடி தங்க ரிப்பனின் ஒரு முனையை இழுத்தாள்.

“அது நடவடிக்கையில்… பொதுக்குழு கூடி…”

ரிப்பன் தரையில் விழுந்தது. மெத்தை நாற்காலிகளில் ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். விசேஷமாக ஒட்டிய மூடியின் மூலையில் மலர்க்கொடி நகத்தை வைத்தாள். தினமும் அரிசி மூட்டையின் தையலைப் பிரிக்கும் நகம். கம்பெனியின் பசை அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

“தலைவரே, அந்தப் பழைய பொம்மை எங்கள் வண்டியில்தானே இருக்கிறது?” என்றாள் வினிதா பதற்றத்தோடு. “அடுத்த விளம்பரத்துக்கு வேண்டுமென்று நாங்கள்தான் வைத்திருக்கிறோம். உங்களுக்குத் தெரியுமே!”

ஒரு மாதமாக நடவடிக்கையில் இருந்த சான்றுப்பொருள் மூன்று நிமிஷத்தில் மாடியேறி வந்தது. டிரைவர் கொண்டுவந்து எத்திராஜ் கையில் கொடுத்தார். இருபத்தேழு தடவை விழுந்ததில் அல்லியின் இடது கன்னம் தேய்ந்திருந்தது. கவுனில் தொட்டியின் கறை. எத்திராஜ் அவளைச் சாய்த்தான், கண் மூடியது. நிமிர்த்தினான், திறந்தது. அத்தனை பேர் முன்னாலும் முறுக்கு மீசை நனையும்படி அழுதான். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தது அவனுக்கு.

“பொம்மை வந்துவிட்டதல்லவா, பெட்டியைக் கொடுங்கள் அம்மா,” என்று பக்தவச்சலம் இரண்டு கையையும் நீட்டினார்.

“இந்தா குடுக்கறேன்,” என்று மலர்க்கொடி மூடியை முழுசாகக் கிழித்தாள். உள்ளேயிருந்த மியாவை இடுப்பைப் பிடித்து வெளியே எடுத்தாள், திருப்பினாள், முதுகைத் தடவினாள், நிமிர்த்தி மேசைமேல் உட்காரவைத்தாள். மியா கண்ணைச் சிமிட்டினாள்.

“வா, விளையாடலாம்!”

பக்தவச்சலம் அந்த முகத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் அவர் நேரில் பார்த்த முதல் பொம்மை முகம். அல்லியைப் போட்ட இருபத்தேழு தடவையும் அவர் கண் தொட்டிமேல்தான் இருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு விரலை நீட்டினார், பாதியிலேயே இழுத்துக்கொண்டார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு சவரிநாதன் எழுந்தார். கையில் விதிப் புத்தகம். “விதி நான்கின்படி, பெட்டி பிரிக்கப்பட்டவர் நாற்காலிக்கு உரியவரல்லர்,” என்று வாசித்தார். “தலைவர் தயவுசெய்து பெஞ்சுக்குப் போகவும்.”

“நான் பிரிக்கவில்லையே ஐயா! அந்தம்மாதானே!”

“யார் பிரித்தது என்று விதி கேட்கவில்லை. பிரிந்திருக்கிறதா என்றுதான் கேட்கிறது. வேண்டுமானால் மனு கொடுங்கள்.”

பக்தவச்சலம் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டு பின் பெஞ்சை நோக்கி நடந்தார். பெஞ்சில் இருந்தவர்கள் அவருக்கு இடம் கொடுக்கவில்லை. அவர்களில் முந்தி வந்தவர், பிந்தி வந்தவர் என்று ஒரு வரிசை இருந்தது. சவரிநாதன் இரண்டாம் எண் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். இன்று ஒரு கறுப்பு நாள் என்று தன் முதல் உரையைத் தொடங்கினார்.

“வா, விளையாடலாம்!” என்றாள் மியா.

“யாராவது அதை நிறுத்துங்கள்,” என்றார் சவரிநாதன். ஒருவரும் எழவில்லை. வினிதா அதற்குள் காருக்குப் போய்விட்டிருந்தாள். மெத்தை நாற்காலிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நூற்றுக்கணக்கான பொம்மைகளுக்குச் சொந்தக்காரர்கள். பொம்மையை எங்கே அமுக்கினால் நிற்கும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எத்திராஜும் மலர்க்கொடியும் படியிறங்கித் தெருவுக்கு வந்தார்கள். அல்லி மலர்க்கொடியின் இடுப்பில் இருந்தாள். மேலே ஜன்னல் வழியாகப் புதுத் தலைவரின் குரலும், அதை வெட்டிக்கொண்டு மியாவின் குரலும் மாறி மாறிக் கேட்டன. நாற்காலி விழும் சத்தமும் கேட்டது.

மலர்க்கொடி நின்றாள். “சுவிச்சு முதுகுலதான் கீது. பாவம், போய்ச் சொல்லிட்டு வரட்டா?”

எத்திராஜ் மேலே ஒரு தடவை பார்த்தான்.

“வாணாம் மலரு,” என்றான். “கொஞ்ச நேரம் வெளையாடட்டும்.”